நீ கீழே வைத்த பை

அக்கா,

போன சனிக்கிழமை காலையில் அலமாரிக்கு மேலே இருந்த உன் பழுப்புப் பையை இறக்கினேன். தூசியைத் தட்டியதும் அந்துருண்டை வாசம் வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியிலிருந்து உன் பவுடர் வாசமும் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான் திறக்கவில்லை. திறந்தால் அந்த வாசம் போய்விடும், அதோடு நீயும் போய்விடுவாய் என்று பைத்தியக்காரத்தனமாக ஓர் எண்ணம்.

தேவா அண்ணன்தான் போன் செய்திருந்தார். நம் நாடகத்தை அதே கோயில் மண்டபத்தில் மறுபடியும் போடுகிறார்களாம். எல்லாரும் புதுப் பிள்ளைகள். "அந்தப் பழுப்பு பேக் உங்கிட்டதானே இருக்கு சாந்தி? அதே பேக் இருந்தா நல்லா இருக்கும்லா" என்றார். அவருக்கு அது ஒரு நாடகச் சாமான். எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் இறக்கினேன். திறந்து பார்த்த பிறகு, உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு சேதி கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கேட்க நீ இல்லை. நீ போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். உனக்குப் பொறுமை கிடையாது. "விஷயத்துக்கு வாடி" என்பாய். இந்த ஒரு தடவை காத்திரு அக்கா, ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே அது பிடிபடும்.

நம் பழக்கம் கம்பெனி பஸ்ஸில் தொடங்கியது. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்குப் போகும் பஸ். நீ எனக்கு முன்பே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். பக்கத்து இருக்கையில் உன் கைப்பை உட்கார்ந்திருக்கும். யார் ஏறினாலும் அந்தக் கைப்பை எழுந்திருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே உன்னைப் பார்ப்பேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சாப்பிடுவாய். நம் ஆட்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் வாய் வார்த்தைக்காவது "சாப்பிடுறியா" என்று கேட்போம். நீ அதைக்கூடக் கேட்டதில்லை. ஒருநாள் கால் வலி தாங்காமல் நானே கேட்டுவிட்டேன், அங்கே உட்காரலாமா என்று. உடனே கைப்பையை மடியில் எடுத்துக்கொண்டாய். உட்கார்ந்த தைரியத்தில் முட்டையையும் கேட்டேன். பாதியைப் பிட்டுக் கொடுத்தாய்.

"கேட்டா குடுப்பேன்லா. கேக்காம நான் ஏன் குடுக்கணும்? வாய் இல்லையா உனக்கு?"

இதுதான் உன் வேதம். பஸ்ஸில் உன்னைச் 'சுயநலக்காரி' என்று சொல்லாத ஆள் இல்லை. உன் காதுபடவே சொல்வார்கள். நீ பவுடர் டப்பாவைத் திறந்து முகத்தைப் பார்த்துக்கொள்வாய். வேலைத் தளத்தில் பவுடர், சென்ட் எதுவும் ஆகாது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடையால் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நின்று சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் சில்லுகளைச் சோதிக்கும் வேலை நமக்கு. அதனால் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் முதல் காரியமாகப் பவுடர் போடுவாய். நல்ல சட்டை வாங்குவாய். உனக்குப் பிடித்ததை உனக்காக வாங்குகிற ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு உன்மேல் பொறாமையும் பிரியமும் ஒன்றாகத்தான் வந்தன.

தேவா அண்ணன் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஓட்டாத நேரமெல்லாம் நாடகம் எழுதுவார். அந்த வருடம் கோயில் குடும்ப விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினார். ஒரு வீட்டின் மூத்த மகள். சம்பாதிப்பதெல்லாம் தனக்கே என்று இருப்பவள். விதவைத் தாயையும் தம்பியையும் விட்டுவிட்டு வெளியூருக்குக் கிளம்புகிறாள். தாய் பையைப் பிடித்து இழுக்கிறாள், கெஞ்சுகிறாள். மகள் உதறிவிட்டுப் போகிறாள். மேடைப் படிகளில் இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, மண்டபத்து வாசல் பக்கம் போகிறாள். பாதி தூரம் போனதும் மேடையில் தாய் இருமுகிறாள். இவ்வளவு நாளும் மறைத்து வைத்த நோய் அது. மகள் நிற்கிறாள், திரும்பி வருகிறாள், பையைக் கீழே வைத்துவிட்டு, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறாள். நாடகம் முடிகிறது.

மூத்த மகள் வேடம் யாருக்கு என்று பேசவே இல்லை. எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். "நீ நடிக்கவே வேணாம், சும்மா வந்து நின்னா போதும்" என்று தேவா அண்ணன் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். தாய் வேடம் எனக்கு வந்தது. உன்னைவிடச் சின்னவள் நான். ஆனால் உடம்பு பருமன், குரல் கட்டை. அன்றிலிருந்து பஸ்ஸிலும் கேன்டீனிலும் நீ என்னை "ம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாய். நான் உன்னை "அக்கா" என்பேன். கேட்பவர்களுக்குத் தலை சுற்றும்.

எனக்கு இருமத்தான் வரவில்லை. ஒத்திகையில் நான் இருமினால் கோழி கொக்கரிப்பது போல இருக்கிறது என்றார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த நீ, மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனாய். ரப்பர் தோட்டம் மூடிய பிறகு உங்களுக்குக் கிடைத்த தாமான் குடியிருப்பு வீடு. உள்ளே உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர். அந்தப் புகை அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இருமல் வந்ததும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து, இரண்டாய் மடிந்து இருமினார். முடிந்ததும் எங்களைப் பார்த்து, ஏதோ தப்புச் செய்தவர்போலச் சிரித்தார். "தண்ணி வேணுமாம்மா" என்று நான்தான் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

நீ அடுப்படியில் உனக்கு மட்டும் மைலோ கலக்கிக்கொண்டிருந்தாய். "அத மாதிரி இருமு" என்றாய். "ஆனா பாரு, தண்ணி குடுன்னு அது வாய தொறந்து கேக்காது. எங்க வீட்டுல கேக்கத் தெரியாத ஜென்மம் அது ஒண்ணுதான்."

அந்த இருமலைத்தான் நான் மேடைக்குக் கொண்டுபோனேன்.

உன் தம்பி அப்போது தெற்கே ஜோகூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு என்று பேச்சு. அப்பா முன்பே இறந்துவிட்டார். உன் அம்மாவின் நெஞ்சு அந்த வருடம் இன்னும் மோசமானது. அதை நீ யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. ஜோகூரில் ஒரு தொழிற்சாலையில் உனக்கு சூப்பர்வைசர் வேலை தயாராக இருந்ததையும் சொல்லவில்லை. பஸ்ஸில் உன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து வந்த எனக்கே தெரியாது.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபத்தில் மின்விசிறி எல்லாம் ஓடியும் சட்டை முதுகில் ஒட்டியது. நீ மஞ்சள் பொட்டு வைத்து, கண்ணுக்கு மை தீட்டி, கூந்தலை விரித்துப் போட்டிருந்தாய். வெள்ளை உடைக்குள் கண்களை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், இவளா அவள் என்று பார்த்தார்கள். உன்னை மேடையில் ஜனங்கள் வெறுத்தார்கள் அக்கா, அவ்வளவு நன்றாகச் செய்தாய். தம்பி கேட்ட புத்தகப் பையை வாங்கித் தராமல் நீ கண்ணாடியைப் பார்த்துப் பொட்டை நேராக்கிய இடத்தில், முன்வரிசைக் கிழவி ஒருத்தி உன்னை வாய்விட்டுத் திட்டினாள்.

பை இழுக்கும் இடம் வந்தது. ஒத்திகையில் அதற்குள் பழைய செய்தித்தாள்தான் இருக்கும். ஒரு சுண்டு விரலில் தூக்கிவிடலாம். அன்றைக்கு நான் இழுத்தேன், பை வரவில்லை. கனத்தது. ஜிப் அறுந்த இடத்தில் நீ குத்தியிருந்த ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே, தீபாவளிக்கு வாங்கி நீ இன்னும் போடாமல் வைத்திருந்த மஞ்சள் சட்டை தெரிந்தது. உன்னை நிமிர்ந்து பார்த்தேன். நீ வசனம் பேசிக்கொண்டிருந்தாய். ஆனால் உன் கண், விடு, விடு என்றது. பஸ் நிலையம் மண்டபத்திலிருந்து நடக்கிற தூரம். ஜோகூர் போகும் பஸ் சாயங்காலம் கிளம்பும். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பையை விட்டுவிட்டேன்.

நீ படிகளில் இறங்கினாய். நடந்தாய். ஜனங்கள் கழுத்தைத் திருப்பி உன்னையே பார்த்தார்கள். பாதி தூரம் வந்துவிட்டது. நான் இரும வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து தேவா அண்ணன் "இருமு, இருமு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது கேட்டது. நான் இருமவில்லை அக்கா. இருமினால் நீ நிற்க வேண்டும், அது நாடகம். இருமாவிட்டால் உன் முன்னால் இருப்பது நிஜமான வாசல், அதற்கு வெளியே நிஜமான ரோடு. போகட்டும் என்று நினைத்தேன். ஒருத்தியாவது போகட்டும். தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்தபடி உன் முதுகைப் பார்த்தேன்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. நீ நடந்துகொண்டே இருந்தாய். கடைசி வரிசையைத் தாண்டி வாசல்படிக்குப் போய்விட்டாய். அங்கே நின்றாய். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, வசனத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாய்.

"வந்த இருமல ஏம்மா அடக்குற?"

அவ்வளவு மெதுவாகச் சொன்னாய், ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு திரும்பி நடந்து வந்தாய், படியேறினாய், பையைக் கீழே வைத்தாய். கேத்தலைப் போட்டாய். அழுதுகொண்டிருந்த ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். உன்னைத் திட்டிய கிழவி மேடைக்கே வந்து உன் கன்னத்தை வழித்தாள். தேவா அண்ணன் என்னைத் திட்ட வந்தவர், அந்த ஒரு வசனத்துக்காக மன்னித்துவிட்டார். இப்போது புதுப் பிள்ளைகளுக்கும் அதை எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

அது எனக்குச் சொன்ன வார்த்தை என்றுதான் நானும் நினைத்தேன். நான் இருமாததைக் கண்டுபிடித்து, மேடையிலேயே என்னைக் கேட்டுவிட்டாய் என்று.

மறுநாள் பஸ்ஸில் ஏறினால் நீ ஜன்னலோரம் இருந்தாய். கைப்பை வழக்கம்போல் பக்கத்து இருக்கையில். நான் கேட்காமலே அதை மடியில் எடுத்துக்கொண்டாய். நேற்று பை ரொம்பக் கனமாக இருந்ததே என்றேன். தேவா அண்ணன் செங்கல் வைத்துவிட்டார் என்றாய். ஜன்னலுக்கு வெளியே ஜெராய் மலை மேகத்தில் மறைந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். நானும் மேலே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாடகத்தில் மகள் கேத்தலைப் போட்டதும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அதற்கு மேலே எத்தனை கேத்தல் போட வேண்டியிருக்கிறது என்று எந்த நாடகமும் காட்டுவதில்லை. உன் அம்மாவைக் குளிப்பாட்டினாய். கிளினிக்குக்குக் கூட்டிப்போனாய். படுத்தால் மூச்சு முட்டும் என்று முதுகுக்குத் தலையணை அடுக்கினாய். ஷிப்டை மாற்றி மாற்றிக் கேட்டு லைன் லீடரிடம் கெட்ட பேர் வாங்கினாய். பெண் பார்க்க வந்த ஒருவர், அம்மாவும் கூட வருவாரா என்று இழுத்தபோது, டீ கிளாஸை அவர் குடித்து முடிக்கும் முன்பே எடுத்துக்கொண்டாய். அதற்காக நீ தெய்வமாகிவிடவில்லை. அம்மாவோடு சண்டை போடுவாய். ஒரு வாய் சோறு கூடச் சாப்பிட மாட்டாளா என்று கத்துவாய். நாசி லெமாக்கைத் தனியாகத்தான் தின்றாய். உன்னை நான் தியாகி என்று யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நீ செருப்பைக் கழற்றுவாய்.

பிறகு நீ இரும ஆரம்பித்தாய்.

அந்தச் சமயம் புகைமூட்டம். ஊரே இருமிக்கொண்டிருந்தது. "ஜெரெபுலா, வேறென்ன" என்றாய். புகைமூட்டம் போனது. யான் ஊர்ப் பக்கம் வயலில் வைக்கோல் கொளுத்துகிற புகை என்றாய். அதுவும் போனது. வீட்டில் அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு இருமினாய். நாமெல்லாம் அப்படித்தான் அக்கா. நெஞ்சில் எது வந்தாலும் வெளியே ஒரு புகையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் போட்டுவிடுவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நீ போனபோது, நுரையீரலில் இருந்த கட்டி வேறெங்கெங்கோ பரவியிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சாயங்காலம், நான் கொண்டுவந்த கஞ்சியை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, நீயாகவே பேசினாய்.

"அன்னிக்கு நீ ஏன் இருமல, எனக்குத் தெரியும்" என்றாய். "நாடகம் முடிஞ்சதும் போலாம்னுதான் இருந்தேன். நீ இருமாம விட்டியா, அப்படியே போயிடலாம்னு தோணிச்சி. கதவு தொறந்து கெடந்திச்சி. ஆனா அங்க எங்கம்மா உக்காந்திருந்திச்சிலா. இருமல் வந்தா வெளிய எந்திரிச்சிப் போக வசதியா வாசல்கிட்ட. துண்ட வாயில திணிச்சிக்கிட்டு, மொகம் செவந்து, கண்ணுல தண்ணி ஊத்துது. நாடகம் கெட்டுடக் கூடாதுன்னு அடக்குது. அந்த மொகத்தத் தாண்டி எப்படிடி போறது?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீ கேட்டது என்னை அல்ல. நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, ஆனால் கேட்டேன். வருத்தமாக இருக்கிறதா என்று.

"இருக்கு" என்றாய். "ஏன் இருக்கக் கூடாது? தெனமும் இருந்திச்சி. அதுக்காகத் திரும்பி வந்தது தப்புன்னு சொல்லமாட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். உனக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது. அது என்னவென்று எனக்கும் தெரியும். கேட்டால்தான் கொடுப்பேன் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன வாய், கடைசியில் கேட்காமலே மூடிக்கொண்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உன் தம்பி கெட்டவன் இல்லை, வந்து எல்லாம் செய்தான். அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினான். அடுக்குமாடி வீட்டில் மூச்சு முட்டும், வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அவனும் கெரெத்தாவை ஸ்டார்ட் செய்து ஜோகூருக்குக் கிளம்பினான். சாமான் கழுவி வைத்துவிட்டு நானும் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டினேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கொண்டிருந்தார். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

காலையிலிருந்து இருமிக்கொண்டே இருந்தவர் உன் அம்மா. நான் போகிறேன் என்று சொன்ன நேரத்திலிருந்து ஓர் இருமல்கூட இல்லை. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி அக்கா. அதை நானே ஒருமுறை தொண்டையை இறுக்கிப் பிடித்துச் செய்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சுவரோரம் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வந்த இருமல ஏம்மா அடக்குறீங்க?" என்றேன். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் துண்டை எடுத்தார். இருமினார். இருமி முடித்து அழுதார். நீ போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார். அவருடைய துணிமணிகளோடு கட்டிலுக்கு அடியில் கிடந்த உன் பழுப்புப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பது எப்படி என்று, கேட்டால்தான் கொடுப்பேன் என்ற உன்னிடமிருந்துதான் பார்த்து வைத்திருந்தேன்.

பையை அலமாரி மேல் வைத்தேன். கனமாகத்தான் இருந்தது. பழைய துணி ஏதோ போட்டு வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். திறக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை திறந்தேன்.

நீ அந்தப் பையைப் பிரிக்கவே இல்லையே அக்கா. மஞ்சள் சட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே மேலே இருந்தது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அதன் கீழே வேலைக்குப் போட நான்கு சட்டை, புதுத் துண்டு, ஒரு பவுடர் டப்பா. மேடையில் கீழே வைத்தாய், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய், அவ்வளவுதான். ஏன் பிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. பிரித்து அலமாரியில் அடுக்கினால் எல்லாம் முடிந்துபோகும் என்று இருந்ததா? என்றைக்காவது ஒருநாள் என்று இருந்ததா? தரையில் உட்கார்ந்து அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையை நீ பார்த்திருந்தால், ஓவர் ஆக்டிங் என்றிருப்பாய்.

சட்டைகளுக்கு நடுவே காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் திருநீறு. கூடவே ஒரு சின்னத் தைலப் புட்டி. உனக்குத் திருநீறு பூசுகிற பழக்கமே கிடையாது, பவுடர் கலைந்துவிடும் என்பாய். உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார். "நாடகத்துக்கு முன்னாடியே கட்டிலுக்கு அடியில பேக்க ஒளிச்சி வச்சிருந்தா. பொறப்படப் போறான்னு தெரிஞ்சிச்சி. எங்கிட்ட சொல்ல வாய் வரல போல. நானும் கேக்கல. கோயில்ல திருநீறு வாங்கி உள்ள வச்சி, வழித்துணைக்கு இருக்கட்டும்னு."

அப்படியென்றால் மண்டபத்தில் துண்டை வாயில் வைத்தது நாடகம் கெடக் கூடாது என்றில்லையா என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தார்.

"நாடகம் கெட்டா எனக்கென்ன சாந்தி? நான் இருமினா அவ போவமாட்டா. போவட்டும்னுதான் அடக்கினேன்."

இதுதான் சேதி அக்கா. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். அன்றைக்கு மேடையில் உன் பொய்யான அம்மாவும், வாசலில் உன் நிஜமான அம்மாவும், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் ஒரே நேரத்தில் இருமலை அடக்கிக்கொண்டு உன்னைப் போகச் சொன்னோம். உன்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. உன் அம்மா திருநீறு வைத்து அனுப்பியிருந்தார். அந்தப் பையை ஒரே ஒரு முறை நீ பிரித்திருந்தால் அது உன் கைக்குக் கிடைத்திருக்கும். கிடைத்திருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பாயா? இல்லை, இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. நீ இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். உன் அம்மா வாயாலேயே கேட்டிருக்க வேண்டும்.

பையைத் தேவா அண்ணனிடம் கொடுக்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வேறு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சட்டைகளை மறுபடி அதே மடிப்பில் வைத்தேன். எனக்கு உன் சட்டையில் ஒரு கைகூட நுழையாது. திருநீற்றை மட்டும் உன் அம்மா கொஞ்சம் எடுத்து, என் நெற்றியில் பூசிவிட்டு, மீதியைப் பைக்குள்ளேயே வைக்கச் சொன்னார். தாய் வேடம் போடுகிற புதுப் பெண் நேற்று வந்திருந்தாள், இருமல் கற்றுக்கொள்ள. உன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பாமல், துண்டை எடுக்காமல், அவள் முகத்துக்கு நேரே நன்றாக இருமிக் காட்டி, "போதுமா இன்னும் வேணுமா" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாய்.

இதை எழுதுகிறபோதும் உள்ளே இருமுகிறார். அடக்காமல், வீடு முழுக்கக் கேட்க இருமுகிறார். இன்னும் வாயைத் திறந்து தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. போய்க் கேத்தலைப் போட்டுவிட்டு வருகிறேன் அக்கா.